கண், நட்சத்திரம், பாம்பு: இந்தச் சின்னங்கள் யாருடையவை?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர், அக்டோபர் 9

"எங்கள் பங்குத் திருவிழா நோட்டீசில் முக்கோணத்துக்குள் கண் இருக்கிற படம் வந்திருந்தது. அது இல்லுமினாட்டி சின்னம், எடுத்தே ஆகணும் என்று இளைஞர் குழுவில் ஒரே சண்டை. குமாரகோயிலுக்குப் போய்வந்த நண்பன் ஒரு முருகன் சக்கரத் தகடு வாங்கி வந்தான். அதில் ஆறுமுனை நட்சத்திரம். இதைத்தான் யூதர்கள் நம்மிடமிருந்து எடுத்தார்கள், அவர்களிடமிருந்து பிரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் எடுத்தார்கள், எல்லாமே குமரிக்கண்டத்தில் தொடங்கியது என்கிறான். அண்ணாச்சி அச்சகம் வைத்திருக்கிறவர், இதையெல்லாம் படிக்கிறவர். யார் யாரிடமிருந்து எடுத்தது? ஒரே பதிலாகச் சொல்லுங்கள்."

அக்டோபர் 9, இரவு

ஒரே பதில் கிடையாது தம்பி. கண் வந்த வழி வேறு, நட்சத்திரம் வந்த வழி வேறு. குமரிக்கண்டத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதற்குத் தனியாக வருகிறேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இல்லுமினாட்டி நிஜமாகவே இருந்த ரகசியச் சங்கம்தான். 1776 மே 1 அன்று, பவேரியாவில் இங்கோல்ஸ்டாட் என்ற ஊரில், ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கினார். பத்து வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. 1784, 85இல் அரசு தடை மேல் தடை போட்டு முடித்துவிட்டது. அவர்கள் வைத்திருந்த அடையாளம் மினர்வா தெய்வத்தின் ஆந்தை. கண் இல்லை.

முக்கோணத்துக்குள் கண் அதற்கு முன்பே கத்தோலிக்கக் கலையில் இருக்கிறது. முக்கோணம் திரித்துவம் (தந்தை, மகன், தூய ஆவி), கண் எல்லாவற்றையும் பார்க்கும் இறைவன். இதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி, பிளாரன்ஸ் உபீசி அருங்காட்சியகத்தில் இருக்கும் போன்டோர்மோவின் எம்மாவு விருந்து ஓவியம். 1525இல் வரைந்தது. இயேசுவின் தலைக்கு மேலே அச்சு அசலாக அதே கண். ஆனால் அதை 1525இன் கண் என்று சொல்லக் கூடாது. ஓவியர் போனபிறகு வேறு யாரோ மேலே தீட்டியது அது. இணையத்தில் இந்தப் படத்தை வைத்துச் சண்டை போடுகிற இரண்டு தரப்பும் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் பங்குக்காரர்கள் பயப்பட ஒன்றுமில்லை. நோட்டீஸ் அப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் 10

ஒன்று சேர்க்க வேண்டும். அந்தக் கண் நோட்டீசுக்குள் எப்படி வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் கம்ப்யூட்டரில் 'கிறிஸ்டியன்', 'இந்து', 'முஸ்லிம்', 'அய்யாவழி' என்று நாலு ஃபோல்டர் இருக்கும். உள்ளே இருக்கும் படங்கள் எந்தக் காலத்து சிடியிலிருந்து வந்தவை என்று முதலாளிக்கே தெரியாது. நேற்று இதை எழுதியபிறகு எங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். 'திரித்துவம்' என்று பெயர் வைத்த கோப்பில் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு துண்டாக நிற்கிறது. உற்றுப் பார்த்தால் பிரமிடின் மேல்விளிம்பு. எங்கள் டிசைனர் பையன் டாலர் நோட்டிலிருந்து பிரமிடை வெட்டிவிட்டுக் கண்ணை மட்டும் எடுத்து வைத்திருக்கிறான்!

ஆக, உங்கள் இளைஞர் குழுத் தம்பி சந்தேகப்பட்டதில் பாதி நியாயம் உண்டு. கருத்து கத்தோலிக்கம். கோப்பு அமெரிக்க கஜானா.

அக்டோபர் 13

குளச்சல் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்: "டாலரில் இருப்பது மேசன் கண்தானே, அப்போ சுற்றி வளைத்து அங்கேதானே போகிறது?"

பார்ப்போம். டாலரில் இருப்பது அமெரிக்க அரசு முத்திரையின் படம். அந்த முத்திரைக்கு 1776இல் போட்ட முதல் குழுவில் பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெபர்சன். மூவரில் மேசன் பிராங்க்ளின் மட்டும். கண்ணைக் கொண்டுவந்தவர் அவர் இல்லை, அந்தக் குழுவுக்கு வரைந்து கொடுத்த டு சிமிட்டியேர் என்ற ஓவியர். அந்த வரைவும் தள்ளுபடியாகிவிட்டது. 1782 ஜூன் 20இல் ஏற்கப்பட்ட முத்திரையை அமைத்தவர்கள் சார்லஸ் தாம்சனும் வில்லியம் பார்ட்டனும். இருவரும் மேசன்கள் என்பதற்குச் சான்று இல்லை. மேசன்களிடையே இந்தக் கண் பரவலானது தாமஸ் ஸ்மித் வெப் 1797இல் அச்சிட்ட கையேட்டுக்குப் பிறகு. நடுவில் 1789இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் மனித உரிமைப் பிரகடன ஓவியத்திலும் உச்சியில் இதே கண் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அது ஊர்ப்பொது.

இதோடு நிறுத்தினால் குளச்சல் அண்ணாச்சி தோற்றுவிட்டார் என்று ஆகிவிடும். அவருக்கும் ஒரு சீட்டு இருக்கிறது. முத்திரையின் பின்பக்கமான அந்தப் பிரமிடும் கண்ணும் ஒரு டாலர் நோட்டில் ஏறியது 1935இல்தான். ஏற்றச் சொன்னவர் அமைச்சர் ஹென்றி வாலஸ், ஒப்புதல் கொடுத்தவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். இரண்டு பேரும் மேசன்கள். வாலஸ் அந்தச் சமயத்தில் ரோரிக்கைக் குருவாகக் கொண்டிருந்தவர். நம்மூர் குலு பள்ளத்தாக்கில் குடியேறிய ரஷ்ய ஓவியர் ரோரிக்தான், வேறு யாருமில்லை. சின்னம் மேசன்களுடையது இல்லை, அதைப் பார்த்தவுடன் நம்முடையது என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தவர்கள் மேசன்கள். "எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியைவிட "எப்போது யார் உரிமை கொண்டாடினார்கள்" என்பது எனக்கு ருசியாக இருக்கிறது.

அக்டோபர் 19

நட்சத்திரம்.

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் கந்த சஷ்டி நோட்டீஸ் அடிக்க வந்தார். புரூப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. வேலுக்குப் பின்னால் அறுகோணம் இருக்கிறதாம், இஸ்ரேல் கொடி மாதிரி இருக்கிறதாம், மாற்ற வேண்டுமாம். ஆறு முனையிலும் ச ர வ ண ப வ என்று எழுதியிருக்கிறதே அண்ணே என்றேன். "அது சரி, எழுத்தைப் பார்க்கிறவன் யாரு, படத்தைத்தான பார்ப்பான்" என்றார். கடைசியில் மயிலை முன்னால் கொண்டுவந்து மூன்று முனையை மறைத்துக் கொடுத்தேன். முருகனுடைய சொந்தச் சக்கரத்தை முருகனுடைய நோட்டீசிலிருந்து எடுக்கச் சொல்லும் காலம் வந்துவிட்டது.

அறுகோணம் நம்மிடம் பழையது. யந்திரங்களில் மேல்நோக்கிய முக்கோணம் சிவன், கீழ்நோக்கியது சக்தி. அரபு உலகத்தில் அது சுலைமான் நபியின் முத்திரை. தாயத்திலும் இருக்கும், பாத்திரத்திலும் இருக்கும். யூதர்களிடம் வரும்போதுதான் கதை மாறுகிறது. அவர்களுடைய பழைய அடையாளம் ஏழு கிளை விளக்கு. நட்சத்திரம் ஒரு சமூகத்தின் அடையாளமாக வருவது ஐரோப்பாவின் பிராகா நகரில். 1354இல் அரசர் நான்காம் சார்லஸ் அங்குள்ள யூதர்களுக்குக் கொடி வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார் என்பார்கள். அங்கிருந்து மெல்லப் பரவி, 1897இல் பாசல் நகரில் யூத நாடு கேட்டுக் கூடிய சியோனிச மாநாட்டில் கொடி ஏறி, 1948இல் நாட்டுக் கொடியானது. இதைக் கறாராக ஆராய்ந்து எழுதியவர் கெர்ஷோம் ஷோலெம், யூத மறைஞானத்தையே வாழ்நாள் படிப்பாக எடுத்துக்கொண்டவர். தாவீது ராஜாவோடு இந்தச் சின்னத்தைச் சேர்த்தது பிற்காலத்து வேலை என்று சொன்ன ஆள் வெளியாள் இல்லை.

இதனால் "நம்மிடமிருந்து போனது" என்று ஆகுமா? ஆகாது. இரண்டு முக்கோணத்தைக் குறுக்கே வைத்தால் அறுகோணம் வந்துவிடும். வடசேரியில் என் தெருவில் மார்கழி மாதம் கோலம் போடும் சின்னப் பெண்களுக்கே இடுக்குப்புள்ளி வைத்தால் முதலில் வருவது இதுதான். அந்தப் பெண்கள் பிராகாவைப் பார்த்து வரையவில்லை.

அக்டோபர் 20

ஆசிரியை ஒருவர் (ஓய்வு பெற்றவர், இரணியல்) கேட்கிறார்: இஸ்ரேலில் உள்ள கப்பர்நாகூம் என்ற பழைய ஊரின் யூத ஜெபக்கூடத்துக் கல்லில் இந்த நட்சத்திரம் இருக்கிறதே, அது பிராகாவுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியதாயிற்றே?

இருக்கிறது டீச்சர். அதே கூடத்தில் ஐந்துமுனை நட்சத்திரமும் செதுக்கியிருக்கிறார்கள். பூவேலைபோல அழகுக்கு. நான் சொன்னது சமூக அடையாளமாக வந்த காலத்தை. கல்லில் வடிவம் இருப்பது ஒரு தேதி, அதற்கு அர்த்தம் சொன்னது இன்னொரு தேதி, ஒரு கூட்டம் அதைத் தன் பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டது மூன்றாவது தேதி. மூன்றையும் ஒன்றாகக் கட்டினால்தான் வம்பு.

அக்டோபர் 20, மாலை

இஸ்ரேல் தூதரகம் சம்பளம் தருகிறதா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, தரவில்லை. தந்தால் முதலில் ஃப்ளெக்ஸ் மெஷினுக்குத் தலை மாற்ற வேண்டும்.

நவம்பர் 2

பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) சின்னத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சென்னை போனபோது அடையாறில் அவர்கள் தோட்டத்துக்குள் ஆலமரம் பார்க்கப் போனேன். (தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள்தான் இப்போது காடு.) மரத்தைவிட அதிக நேரம் அந்தச் சின்னத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி.

ஒரே வட்டத்துக்குள் எத்தனை என்று பாருங்கள். வாலைக் கவ்விய பாம்பு, உள்ளே பின்னிய இரண்டு முக்கோணம், நடுவில் எகிப்தின் ஆங்க் (மேலே வளையம் உள்ள சிலுவை), பாம்பின் தலைப்பக்கம் சிறு வட்டத்தில் ஸ்வஸ்திகம், எல்லாவற்றுக்கும் மேலே ஓம். சுற்றிலும் "உண்மையைவிட உயர்ந்த மதம் இல்லை" என்ற வாசகம். அது காசி மகாராஜா குடும்பத்தின் வாசகம், அதையும் எடுத்துக்கொண்டார்கள். சபை 1875 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கியது. அதைத் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மாளும் கர்னல் ஆல்காட்டும் 1879இல் பம்பாயில் இறங்கி, 1882இல் அடையாறுக்குக் குடிவந்தார்கள்.

தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் கிழடு. வாலைக் கவ்விய பாம்பு துட்டன்காமன் கல்லறையிலேயே இருக்கிறது, கி.மு. 14ஆம் நூற்றாண்டு. ஸ்வஸ்திகம் சிந்துவெளி முத்திரைகளில் இருக்கிறது. சேர்க்கை மட்டும் புத்தம் புதிது. எகிப்தும் காசியும் ஒரே வட்டத்துக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில், கப்பலும் தபாலும் அச்சு இயந்திரமும் வந்தபிறகு. அதற்கு முந்தி இந்தப் படம் எங்கும் இல்லை. ஆனால் பார்க்கிறவன் பாம்பின் வயதை மொத்தப் படத்துக்கும் போட்டுவிடுகிறான்.

ஹிட்லர் கட்சி 1920இல் ஸ்வஸ்திகத்தைக் கொடியில் போட்டது, பிரம்மஞான சபை அதற்கு முன்பே வைத்திருந்தது, ஆகவே இவர்களிடமிருந்துதான் போனது என்று ஒரு வாதம் சுற்றுகிறது. அவ்வளவு நேராக இல்லை. 1870களில் ஜெர்மன் தொல்லியலாளர் ஷ்லீமான் திராய் நகரைத் தோண்டியபோது பானைகளில் ஸ்வஸ்திகம் கிடைத்து, ஐரோப்பா முழுக்க அது ஆரியர் அடையாளம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஜெர்மனியின் மறைஞானக் குழுக்களுக்கு அந்த வழியும் இருந்தது, பிளாவட்ஸ்கி வழியும் இருந்தது.

ஒரு துணுக்கு: ஆல்காட் 1881இல் கொழும்பிலிருந்து பௌத்தர்களைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்து நெல்லையப்பர் கோயிலில் தென்னங்கன்று நட்டார். இன்று உலகம் முழுக்கப் பறக்கும் ஐந்து நிற பௌத்தக் கொடி இருக்கிறதே, அதுவும் 1885இல் கொழும்பில் ஒரு குழு அமைத்தது. அளவைக் கொடி மாதிரி திருத்தச் சொன்னது ஆல்காட். புத்தர் காலத்துக் கொடி என்று நினைத்து என்னிடம் அச்சடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

நவம்பர் 5

பாம்பு என்றதும் எல்லோரும் நாகராஜா கோயிலுக்கு ஓடுவீர்கள் என்று தெரியும். ஓடிவிட்டீர்கள்.

"டாக்டர் சின்னத்தில் இருக்கிற பின்னிய இரண்டு பாம்பு நம்ம நாகக்கல்" என்பவருக்கு: முதலில், கிரேக்க வைத்தியக் கடவுள் அஸ்கிலேபியஸின் கோலில் ஒரே பாம்புதான். இரண்டு பாம்பும் சிறகும் உள்ள கோல் ஹெர்மஸுடையது, தூது போகிறவனும் வியாபாரியும் கும்பிடும் கடவுள். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் இரண்டு பாம்பை எடுத்துப் போட்டதிலிருந்து குழப்பம் கூடிவிட்டது. பின்னிய பாம்புகள் மெசபடோமியாவில் லகாஷ் அரசன் குடேயாவின் கல் கிண்ணத்திலும் இருக்கின்றன, நாலாயிரம் வருடம் பழையது. அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று கேட்கிறார்கள். எங்கள் தாத்தா வீட்டு வயலில் சாரைப்பாம்பு இரண்டு எழும்பி நின்று பின்னுவதை நானே பார்த்திருக்கிறேன். சாரையும் நல்லபாம்பும் இணைகிறது என்று பெரியவர்கள் வேட்டியை விரித்துப் போடச் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. இதைப் பார்த்த எந்த ஊர்க் கல்தச்சனும் அப்படித்தான் செதுக்குவான், யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

நாகராஜா கோயில் வேறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதன் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அங்கிருந்த சமணப் பண்டிதர்களுக்கு நிலம் விட்ட செய்தி இருக்கிறது. பார்சுவநாதர் தலைக்கு மேல் படமெடுத்த பாம்பு. அதே பாம்புப் படத்தின் கீழ் இன்று பால் ஊற்றுகிறோம். சிதறால் மலைக்குப் போனாலும் இதுதான்: 9ஆம் நூற்றாண்டு சமணப் பள்ளி, பிறகு பகவதி கோயில். கல் நகரவில்லை, கும்பிட்டவர்கள் மாறினார்கள். லண்டனில் ஒரு சங்கம் எகிப்துப் பாம்பை எடுத்து வேறு அர்த்தம் கொடுத்தால் திருட்டு என்கிறோம், நாகர்கோவிலில் நடந்தால் தலபுராணம் என்கிறோம். (இதற்கு அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.)

நவம்பர் 7

விழுந்தது. வாங்கிக்கொண்டேன். கருத்து மாறவில்லை. சமணர் பக்கத்து வலியை "கும்பிட்டவர்கள் மாறினார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருப்பது மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். மாறினார்களா மாற்றப்பட்டார்களா என்பது கல்வெட்டுக்குக் கல்வெட்டு பார்க்க வேண்டியது, இங்கே ஓடாது.

நவம்பர் 16

ரோஜாச் சிலுவை. ரோசிக்ரூசியன் என்று பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் மனோசக்தி விளம்பரம் வருமே, அவர்கள். 1915இல் அமெரிக்காவில் ஸ்பென்சர் லூயிஸ் தொடங்கிய அமைப்பு தன் வேரை எகிப்தின் மூன்றாம் துட்மோஸ் அரசனிடம் வைக்கிறது. எழுத்தில் கிடைப்பது அவ்வளவு தூரம் போகவில்லை. 1614இல் ஜெர்மனியில் காசல் நகரில் பெயர் போடாத ஒரு சிறு நூல் வெளிவந்தது. ரகசிய சகோதரர் சங்கம் ஒன்று இருக்கிறது என்றது. 1615, 1616இல் அடுத்தடுத்து இரண்டு. மூன்றாவதை எழுதியது தான்தான், வாலிப வயதில் விளையாட்டாக எழுதியது என்று பிற்பாடு யோகான் வாலன்டின் ஆந்திரேயே என்ற லூத்தரன் போதகர் சொன்னார். அவர் குடும்ப முத்திரையில் குறுக்குச் சிலுவையும் நாலு ரோஜாவும். மார்ட்டின் லூத்தரின் முத்திரையிலும் ரோஜா, நடுவில் இதயம், அதற்குள் சிலுவை. அர்த்தத்தை 1530இல் லூத்தரே கடிதமாக எழுதியிருக்கிறார்.

எங்கள் கடையில் லூத்தரன் சபைக்காரர்களுக்கு அடிக்கிற அழைப்பிதழில் அந்த ரோஜா வரும். எகிப்து ரகசியம் என்று யாரும் நடுங்குவதில்லை.

குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் சீட்டுக்கும் இதே எகிப்து வியாதி. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் விளையாடிய சீட்டு. 1781இல் பாரிசில் கூர் த ஜெபலன் என்பவர் அது எகிப்திய ஞானப் புத்தகம் என்று அறிவித்தார். சாம்போலியோன் எகிப்து எழுத்தைப் படித்துக் காட்டியது 1822இல். படிக்கத் தெரியாத மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று நாற்பது வருடம் முன்கூட்டியே சொன்ன தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 3

வீட்டு வாசலில் கட்டுகிற கிறிஸ்துமஸ் ஸ்டார் ஐந்துமுனை, அது சாத்தான் நட்சத்திரம் என்று ஒரு கன்வென்ஷனில் பேசினார்களாம். இந்த மாவட்டத்தில் டிசம்பரில் ஸ்டார் தொங்காத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். இடைக்கால ஐரோப்பாவில் ஐந்துமுனை கிறிஸ்துவின் ஐந்து காயம். தலைகீழாகத் திருப்பினால் தீயது என்று பிரித்துச் சொன்னது எலிபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர், 1850களில். ஆட்டுத்தலை பாபோமெட் படத்தை வரைந்தவரும் அவரே. 1897இல் ஸ்டானிஸ்லாஸ் த குவைட்டா நூலில் தலைகீழ் நட்சத்திரத்துக்குள் ஆட்டுத்தலை வந்தது. சாத்தான் சபை தொடங்கியது 1966இல். பயமுறுத்துகிறவர்களும் பயப்படுகிறவர்களும் ஒரே பிரெஞ்சுக்காரரின் பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

பல முனை ஸ்டார் வேண்டுமென்றால் மொராவிய நட்சத்திரம் வாங்குங்கள். 1830களில் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி பாடத்துக்குச் செய்தது. அதில் சாத்தான் நுழைய இடமில்லை, கணக்கு வாத்தியார்தான் இருக்கிறார்.

டிசம்பர் 4

மயிலாடியில் சிலை செய்கிற நண்பர் ஒருவரிடம் மேசன்களின் மூலைமட்டமும் கவராயமும் காட்டினேன். "இது ரெண்டும் இல்லாம யாரு வேலை செய்வான்?" என்றார். நடுவில் இருக்கும் ஜி எழுத்தைக் கேட்டார். ஜியாமெட்ரி என்பார்கள், கடவுள் என்றும் சொல்வார்கள் என்றேன். "உளியைக் காணோமே, அப்போ அவங்க வேலை செய்றவங்க இல்ல." லண்டனில் 1717 ஜூன் 24 அன்று நாலு லாட்ஜுகள் (மேசன்களின் கிளைச் சங்கங்கள்) சேர்ந்து பெரிய லாட்ஜ் அமைத்தபோது உண்மையிலேயே கல்வேலை செய்தவர்கள் அநேகமாக ஓரம்போய்விட்டார்கள், கனவான்கள் கூடும் இடமாகிவிட்டது. வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை நண்பர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் லாட்ஜ் சித்திரங்களில் உளியும் உண்டு, அதையும் காட்டியபிறகு "சரி, வச்சிக்கட்டும்" என்றார்.

டிசம்பர் 14

யோகா வகுப்புக்கு ஃப்ளெக்ஸ். உட்கார்ந்த உருவம், முதுகுத்தண்டில் ஏழு சக்கரம், கீழே சிவப்பு, மேலே ஊதா, வானவில் வரிசை. "நம்ம சித்தர்கள் மருத்துவாழ்மலையில் கண்டது" என்று வாசகம் போடச் சொன்னார் ஆசிரியர். நல்ல மனிதர், முன்பணமும் கொடுத்துவிட்டார். அதனால் மெதுவாகக் கேட்டேன்: திருமூலர் சொல்வது ஆறு ஆதாரம், அதாவது ஆறு சக்கரம் இல்லையா?

ஆறாதாரமும் அதற்கு மேல் ஆயிரம் இதழும் நம்முடையவை, சந்தேகமில்லை. நிறம்தான் தகராறு. மேலைநாட்டுக்குப் போன முக்கிய மூலம், வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய சமஸ்கிருத நூல். அதில் மணிபூரகம் (தொப்புள் சக்கரம்) கருமேக நிறம், அநாகதம் (நெஞ்சு) சிவந்த பூ நிறம், ஆக்ஞை (நெற்றி) நிலா வெள்ளை. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி உட்ரோப் 1919இல் அதை இங்கிலீஷில் கொண்டுவந்தார். பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் 1927இல் தன் ஞானதிருஷ்டியில் கண்ட சக்கரங்களை வண்ணப்படமாகப் போட்டார். மணிபூரகம் மஞ்சள், அநாகதம் பச்சை என்று ஒழுங்காக அடுக்கிய வானவில் பரவியது 1970களில், அமெரிக்காவில்.

நம்மூர் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலை) ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வருகிறது, பருப்பாகிக் கப்பலேறுகிறது. சக்கர விஷயத்தில் கொட்டை நம்முடையது, உடைத்து வறுத்து டப்பாவில் அடைத்தது வெளியே, டப்பா திரும்பி வந்ததும் "பாட்டி வறுத்தது" என்று லேபிள் ஒட்டுகிறோம். இந்த இழையில் எடுத்தார்கள், திருடினார்கள் என்று ஒரு பக்கமாகவே பேசுகிறோம். எனக்குப் புரிந்தவரை பாதிக்கு மேல் திரும்பி வந்த சரக்கு.

ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "வானவில்தான் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கு" என்றார். சித்தர் வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

டிசம்பர் 21

புதுசாகச் செய்த சின்னத்தைப் புதுசு என்றே சொன்னவர்கள் யாராவது உண்டா என்று டீச்சர் கேட்டிருந்தார். உண்டு, நம் பாறையில் தியானம் செய்தவரே. ராமகிருஷ்ண மடத்தின் சின்னத்தை அமைத்தது விவேகானந்தர். அர்த்தத்தையும் அவரே சொன்னார்: அலையடிக்கும் நீர் கர்மம், தாமரை பக்தி, உதிக்கும் சூரியன் ஞானம், சுற்றி வளைத்த பாம்பு யோகமும் குண்டலினியும், அன்னம் பரமாத்மா. ரிஷி கொடுத்தார், கல்லறையில் கிடைத்தது என்ற பேச்சே இல்லை.

அவர் 1884இல் கல்கத்தாவில் மேசன் லாட்ஜில் சேர்ந்தவர். 1897இல் சென்னையில் பிரம்மஞான சபையை மேடையில் வறுத்தெடுத்தவர். பாம்பு மட்டும் இரண்டு சின்னத்திலும் சுற்றி வருகிறது. அங்கிருந்துதான் எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பாம்பு யாருக்கும் சொந்தமில்லை என்று மேலே எழுதியாயிற்று.

ஜனவரி 4

குமரிக்கண்டம். தள்ளித் தள்ளி வைத்தேன். இதே மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

கடல் கொண்ட நிலம் நம் பழைய நூல்களில் இருக்கிறது. சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. உரைகாரர் அடியார்க்கு நல்லார் நாற்பத்தொன்பது நாடுகள் போனதாகக் கணக்குக் கொடுக்கிறார். இது நம்முடையது, யாரும் தந்ததில்லை.

ஆனால் நண்பன் போனில் காட்டும் அந்த வரைபடம், மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஒரு கண்டம், அது வேறு வழியாக வந்தது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் என்ற குட்டித் தேவாங்கு மாதிரி விலங்கு மடகாஸ்கரிலும், அதன் உறவு இந்தியாவிலும் இருப்பதை விளக்க ஒரு முழுகிய நிலத்தை ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரியாத காலம், அப்போதைக்கு நியாயமான ஊகம். 1888இல் பிளாவட்ஸ்கி 'மூன்றாம் மூல இனம்' என்று தான் சொன்ன ஆதி மனிதர்களை அதில் குடியேற்றினார். 1904இல் அதே சபையின் ஸ்காட் எலியட் வரைபடமே போட்டார். 1931இல் ரோஜாச் சிலுவைக்காரர்கள் அதைப் பசிபிக்குக்கு நகர்த்தி, கலிபோர்னியாவின் சாஸ்டா மலையில் மிச்ச லெமூரியர்களை வைத்தார்கள். நம்மவர்கள் புவியியல் பாடநூலிலிருந்தும் பிரம்மஞானப் புத்தகத்திலிருந்தும் அந்தக் கண்டத்தை எடுத்துப் பழைய கடல்கோளோடு தைத்தார்கள். தையல் அவ்வளவு நேர்த்தி, இன்று பிரித்துக் காட்டினால் கோபம் வருகிறது.

ஆகவே தக்கலைத் தம்பியின் நண்பர் "ரகசியச் சங்கங்கள் குமரிக்கண்டத்திலிருந்து எடுத்தன" என்று சொல்லும்போது, அவர் கையில் இருக்கும் படமே அந்தச் சங்கங்களில் ஒன்று வரைந்து கொடுத்தது.

ஜனவரி 5

"அப்போ கடல்கோள் பொய்யா?" இல்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன், திரும்பப் படியுங்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த குளச்சல்காரனிடம் கடல் ஊருக்குள் வராது என்று யார் சொல்ல முடியும்? கடல் கொண்டதற்கும் ஒரு முழுக் கண்டம் முழுகியதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 17

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் குமரிக்கண்ட வரைபடம் பேனர் அடிக்க வந்தார்கள், ஆறுக்கு நாலு அடி. அதே மடகாஸ்கர் ஆஸ்திரேலியா படம். அடிக்க மாட்டேன் என்று சொல்லக் கடை வாடகை விடாது. கீழே "லெமூரியா, ஸ்கிளேட்டரின் ஊகம், 1864" என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். கூட வந்த பையன், எட்டாம் வகுப்பு இருக்கும், "யாரு சார் ஸ்கிளேட்டர்?" என்றான். லெமூர் கதையைச் சொன்னேன். தேவாங்கு படமும் ஓரத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டான். வாத்தியார் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். 'விலங்குகள்' ஃபோல்டரில் லெமூர் இல்லை, கிடைத்தது குரங்குதான், அதற்கு வாலில் வளையம் வரைய டிசைனர் பையன் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்தான். கூடுதல் காசு கேட்கவில்லை.